செதுக்கும் சீரொளி

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, ஆவூர் என்றொரு சிற்றூர் உண்டு. சங்கப் புலவர் ஆவூர் மூலங்கிழாரின் ஆவூர் எது என்னும் ஆராய்ச்சியில் நாம் ஈண்டு இறங்கவில்லை. அப்பெயர் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வழங்குவதால் அவ்வழக்கு எளிதில் முடிவதன்று. நாம் குறிக்கும் ஆவூர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பூசே அடிகளார் காலத்தில் எழுந்த கிறித்தவத் திருப்பணி மையத்தால் பெயர்பெற்றது. வீரமாமுனிவரும் இவ்வூரிலிருந்து பணியாற்றினார் என்பர். தமிழ்த்துறை மலரில் அறிவியற் கட்டுரை எழுதப் புகும் நாம் ஆவூரை முதலில் நினைப்பதற்கு அம்முனிவரே காரணம்.

எகர ஒகரக் குற்றெழுத்துகளின்மேல் புள்ளி இடுவது பழைய மரபு. ஓலையில் எழுதுவோர் அப்புள்ளியை இடத் தயங்கினர். எழுத்தாணியின் கூர்நுனியை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை பொத்துக்கொள்ளும். பொத்தல் ஓலையின் நரம்புவழியே கீறலாக நீளும். எனவே புள்ளி விடுபட்டது. குறிலோ நெடிலோ எனப் படிப்போர் மயங்கினர். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவ வேறுபாடு தந்து, ஏகாரத்தையும் ஓகாரத்தையும் இன்று நாம் எழுதும் வகையில் எழுத வழிகாட்டினார். இதனை எழுத்துச் சீர்திருத்தம் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஆயின், தொழில்நுட்பம் அறிந்தார் இதே செய்தியை வேறு கண்கொண்டு காண்பர். கருவி இரும்பு, பொருள் மெல்லிய ஓலை, வேண்டுவது ஒரு புள்ளி. புள்ளி விழவேண்டும், புள்ளியின் அயலிடம் கெடக்கூடாது. எழுத்தாணியால் அது முடியவில்லை. ஆகவே எழுத்தே தன்னை மாற்றிக்கொண்டது.

வேண்டிய இடத்தைத் தொட்டு, அயலிடத்தைத் தொடாது விடுவது என்னும் இந்தப் பழைய சிக்கலே இன்றைய நுண்பொருள் ஆக்கத்தின் தலையாய சிக்கலுமாகும். ஆடிப்பலகையில் தலைமயிரினும் சிறிய துளை இடவேண்டும், ஆடி விரிசல் காணக்கூடாது. இதயக் குருதிக்குழாயில் வைக்கும் உலோக வலையை வெட்டவேண்டும், உலோகம் வெந்து கருகக்கூடாது. இவ்வேலைகளை இன்று செய்து முடிக்கும் எழுத்தாணி லேசர் எனப்படும் ஒளிக்கற்றை. அது எவ்வாறு செதுக்குகிறது என்பதையும், நம் திருச்சி புதுக்கோட்டை வட்டாரத்துக்கு அதனோடு உள்ள உறவையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பொருளும்

லேசர் என்பது ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர். தூண்டுதலால் வெளிப்படும் கதிரைக் கொண்டு ஒளியைப் பெருக்குதல் என்பது அத்தொடரின் கருத்து. இதற்குத் தமிழில் சீரொளி என்னும் சொல்லாக்கம் வழங்கிவருகிறது. கலைச்சொல்லாக்கங்களுள் சில வாயில் நுழையா. சில நுழைந்தாலும் பொருள் தாரா. இச்சொல் அவ்வாறன்று. சீர் என்பது ஒழுங்கு. யாப்பில் தளை பிழையாது நடக்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். விளக்கின் ஒளியலைகள் சந்தைக் கூட்டம்போல் ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு நடையில் செல்பவை. லேசரின் அலைகளோ ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அடியெடுப்பு. சீரொளி என்னும் பெயர் அப்பண்பை அப்படியே உணர்த்துகிறது.

ஒளியைக் குவித்துச் சுடுவது புதிதன்று. பாக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் என்னும் கணித அறிஞர் 984ஆம் ஆண்டளவில் எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றில் புகும்போது எவ்வளவு வளையும் என்னும் விதியை, ஐரோப்பியர் கண்டறிவதற்கு அறுநூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர் கையாண்டிருக்கிறார். ஒளியியலின் தந்தை எனப் போற்றப்பெறும் இப்னு அல்ஹைதம் அவர் நூலைக் கற்றவர். சிறுவர் உருப்பெருக்கி கொண்டு வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கும் விளையாட்டும் அந்த மரபினதே.

அவ்விளையாட்டில் ஒரு வரம்பு உண்டு. கதிரவன் ஒரு புள்ளியன்று. வானில் அது அகன்ற வட்டம். ஆகவே பத்துச் சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டிருப்பினும், ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் அகலமுள்ள கதிரவன் உருவத்தையே அது தரும். அதனினும் சிறிதாக அவ்வொளியை ஒடுக்க அவ்வில்லையால் இயலாது. சீரொளியோ ஒரே திசையில் ஒழுங்காகச் செல்வதால், அதனைத் தன் அலைநீளத்தின் அளவுவரை, அதாவது ஓரிரு மைக்ரான் அகலம் வரை ஒடுக்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிமன் ஐம்பது முதல் நூறு மைக்ரான் வரை இருக்கும். ஒரு மயிரின் குறுக்கே பல புள்ளிகள் வைக்கத்தக்க எழுத்தாணி இது.

கெம்புக்கல் தந்த முதல் ஒளி

தூண்டுதலால் ஒளி வெளிப்படும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் வெளியிட்டார். அக்கருத்து கருவியாக உருப்பெற நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் உயிர்நிலை விரல்நுனியளவு சிறிய ஒரு கெம்புத் தண்டு. அதனைச் சுற்றி, புகைப்படக்காரர் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த சுருள் மின்வெட்டு விளக்கு ஒன்றை அமைத்திருந்தார். விளக்கு வெட்டியதும் கெம்பிலிருந்து செந்நிறச் சீரொளி பாய்ந்தது.

அக்கெம்பு சுரங்கத்திலிருந்து வந்ததன்று, செயற்கைக் கல். செயற்கைக் கெம்பு என்றதும் நம் வட்டாரத்து வாசகர் நிமிர்ந்து அமர்வர் என்பதை அறிவோம். திருச்சிராப்பள்ளி நகரிலும், அதனைச் சூழ்ந்த திருச்சி, புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களிலும் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலம் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வெர்னூயி என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1902இல் வெளியிட்ட முறைப்படி அலுமினிய ஆக்சைடுப் பொடியைச் சுடரில் உருக்கித் துளித்துளியாகச் சேர்த்து வளர்க்கும் கட்டியே இத்தொழிலின் மூலப்பொருள். அதில் குரோமியம் சிறிது சேர்ந்தால் கெம்பு; டைட்டானியமும் இரும்பும் சேர்ந்தால் நீலம். நம் ஊர்ப் பட்டறைகளில் மூக்குத்திக்கும் தோட்டுக்கும் பட்டை தீட்டப்பெற்ற கல்லும், மைமனின் மேசைமேல் ஒளிர்ந்த கல்லும் வேதியியல் கணக்கில் உடன்பிறப்புகள். அவர் தண்டில் குரோமியத்தின் அளவு ஏறத்தாழ 0.05 விழுக்காடே.

புதிய ஒளி எதற்குப் பயன்படும் என்று முதலில் எவர்க்கும் தெளிவாகத் தெரியவில்லை. சவரத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒளி எத்தனை தகடுகளைத் துளைக்கிறது என்று எண்ணி, 'இத்தனை ஜில்லெட் வலிமை' என்று தகட்டுப் பெயராலேயே அளந்து மகிழ்ந்தனர் அந்நாளைய ஆய்வாளர். விளையாட்டு விரைவில் தொழிலாயிற்று. மெல்லிய கம்பி இழுக்க வைரத்தில் துளையிட்ட அச்சு வேண்டும். வைரத்தில் துளையிட வைரப்பொடி கொண்டு நாள்கணக்கில் தேய்ப்பது வழக்கம். 1965இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கெம்பு லேசரால் அத்துளைகளை இடத் தொடங்கியது. தொழிற்சாலையில் சீரொளி செய்த முதல் வேலைகளுள் ஒன்று, கெம்பைக் கொண்டு வைரத்தைத் துளைத்தது!

இவ்விடத்தில் ஓர் இந்தியர் பெயரையும் சொல்லிவிடுவோம். மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938இல் பிறந்து, புனேயில் பொறியியல் கற்ற சந்திரகுமார் படேல், 1964இல் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமிலவாயு லேசரை உருவாக்கினார். இன்று நம் நகரங்களில் திருமண அழைப்பிதழில் பூவேலை வெட்டுவதும், மரப்பலகையில் சன்னல் பின்னல் அறுப்பதும், பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுவதும் பெரும்பாலும் அவ்வகை லேசரே. அதே வகை லேசரின் பேருருவம் ஒன்று, வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் தடவை தாக்கி, புற ஊதாவுக்கும் அப்பாற்பட்ட ஒளியை எழுப்புகிறது. இன்றைய உயர்வகைக் கைப்பேசிகளின் சில்லுகள் அவ்வொளியால் அச்சிடப்படுபவை. அழைப்பிதழும் சில்லும் ஒரே குடும்பத்து ஒளியால் உருவாவது வியப்பிற்குரியதே.

மாத்திரையும் ஃபெம்டோ நொடியும்

ஒளியை ஓரிரு மைக்ரானுக்கு ஒடுக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. ஒளி ஓரிடத்தில் விழுந்து வெப்பமாக மாறுகிறது. வெப்பம் நின்ற இடத்தில் நில்லாது. அது அயலிடத்துக்குப் பரவி, உலோகத்தை உருக்கி, உருகியது மீண்டும் உறைந்து விளிம்பில் பிசிறாய் ஒட்டும். ஆடியாயின் விரிசல் விடும்; பிளாஸ்டிக்காயின் கருகும். எழுத்தாணி ஓலையைக் கீறியதுபோல், வெப்பம் பொருளைக் கீறுகிறது. இடத்தில் ஒடுக்கியது போதவில்லை, காலத்திலும் ஒடுக்கவேண்டும்.

காலத்தின் சிற்றளவு பற்றித் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. நொடி என்னும் காலப்பெயரே விரல் நொடிப்பிலிருந்து வந்ததாகும். லேசர்த் தொழிலில் அந்த நொடியைக் கூறுபோட்டுக்கொண்டே செல்கின்றனர். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி நொடி. நூறு கோடியில் ஒரு பங்கு நானோ நொடி. லட்சம் கோடியில் ஒரு பங்கு பிக்கோ நொடி. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ நொடி. எண்களால் மலைப்பே மிஞ்சும், ஒப்புமையால் கூறுவோம். ஒரு நொடிக்குமுன் ஒரு ஃபெம்டோ நொடி எப்படியோ, மூன்று கோடியே பதினேழு லட்சம் ஆண்டுகளுக்குமுன் ஒரு நொடி அப்படி. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளி, நூறு ஃபெம்டோ நொடியில் முப்பது மைக்ரான் தொலைவே கடக்கும். அஃது ஒரு மயிரிழையின் தடிமனுக்கும் குறைவு.

இவ்வளவு குறுகிய துடிப்பு எதற்கு? செம்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லி நொடி நேரம் அதில் ஒளி விழுமாயின், வெப்பம் ஏறத்தாழ மூன்றிலொரு மில்லிமீட்டர் தொலைவு பரவிவிடும். பத்து நானோ நொடியே விழுமாயின், பரவுவது ஏறத்தாழ ஒரு மைக்ரான். பத்துப் பிக்கோ நொடியாயின், மைக்ரானில் முப்பதில் ஒரு பங்கு. அதற்கும் கீழே சென்றால் இயற்கையே வேறு நடை நடக்கிறது. உலோகத்தில் விழும் ஒளியை முதலில் வாங்கிக்கொள்வன எலெக்ட்ரான்கள். அவை தாம் பெற்ற ஆற்றலை அணுக்கட்டமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கச் சில பிக்கோ நொடிகள் ஆகும். அக்கைமாற்று நிகழ்வதற்கு முன்பே துடிப்பு முடிந்துவிடுகிறது. பொருளின் மேற்படலம் உருகி வழிய நேரமின்றி ஆவியாகிப் பறந்துவிட, ஆற்றலின் பெரும்பகுதி அதனுடனே போய்விடுகிறது. அடுத்திருக்கும் பொருள் அங்கு ஒன்று நிகழ்ந்ததையே அறியாதது போல் இருக்கிறது.

இதில் வலிமையின் கணக்கும் விந்தையானது. ஒரு மைக்ரோ ஜூல் என்பது எறும்பின் முயற்சிக்கு ஒப்பிடத்தக்க சிற்றாற்றல். அதனை நூறு ஃபெம்டோ நொடிக்குள் அடைத்தால், அந்நேரத்துக்கு அதன் திறன் ஒரு கோடி வாட். நொடிக்கு ஒரு லட்சம் துடிப்புகள் வீதம் நாள் முழுதும் செலுத்தினாலும் சராசரித் திறன் 0.1 வாட்டைத் தாண்டாது. கைவிளக்கின் சிறு குமிழுக்கும் அது போதாது. லேசர் என்றதும் திரைப்படத்தில் காணும் பேரழிவுக் கதிரை நினைப்போர்க்கு, நுண்வினையில் அதன் பெருமை அடக்கத்தில் இருக்கிறது என்பதை எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

சென்னையிற் பிறந்த வேதியியலார்

காலத்தைக் குறுக்குதல் ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. அதனைக் கண்டவர் வரலாறு தமிழகத்து மாணாக்கர் அனைவரும் அறியவேண்டியது. ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று, அமெரிக்கா சென்று 1956இல் முனைவரானார். நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்னும் ஊரிலுள்ள ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பிளாஸ்டிக் போன்ற நெடுந்தொடர் மூலக்கூறுகளின்மேல் புற ஊதாக் கதிர் விழுந்தால் என்ன நிகழும் என்பது அவர் ஆய்வுப் பொருள்.

193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரின் துடிப்பைப் பிளாஸ்டிக்கில் செலுத்தியபோது, ஒவ்வொரு துடிப்புக்கும் மைக்ரானில் சிறு பங்கு ஆழமே பெயர்ந்து வந்தது. விளிம்போ கருகவில்லை, உருகவில்லை. உளியால் செதுக்கிய கல்போல் நேராய் நின்றது. ஏன்? அக்கதிரின் ஒவ்வோர் ஒளித்துகளும் ஏறத்தாழ 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையது. கரிமமும் கரிமமும் கைகோத்திருக்கும் பிணைப்பை அறுக்க அதில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேலான ஆற்றலே போதும். எனவே ஒளி பொருளைச் சூடாக்கி உருக்கவில்லை. பிணைப்பை நேரே அறுத்து, தையல் பிரித்த துணியைப்போல் மூலக்கூறுகளை விடுவித்தது. விடுபட்ட துணுக்குகள் தாம் பெற்ற ஆற்றலைச் சுமந்துகொண்டே வெளியேறின.

பிளாஸ்டிக்குக்குச் செய்வதை உயிருள்ள தசைக்கும் செய்ய இயலுமா என்னும் கேள்வி எழுந்தது. சீனிவாசனும் உடன் ஆய்ந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் இதனை எண்ணிக்கொண்டிருந்தனர். 1981ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அமெரிக்கர் நன்றியறிதல் நாள் விருந்துண்ட மறுநாள், வீட்டில் எஞ்சிய வான்கோழி இறைச்சியைச் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்குக் கொணர்ந்தார். எக்சைமர் லேசர் அதில் தெளிவான வெட்டுத்தடம் பதித்தது. பச்சை நிற லேசரால் முயன்ற தடமோ கருகிச் சிதைந்தது. பின்னர் ஒற்றைத் தலைமயிரில் வரிசையாகப் பள்ளங்கள் செதுக்கிய அவர்தம் படம் உலகெங்கும் பரவியது. பள்ளத்தின் விளிம்பில் சூட்டின் தடயம் சிறிதுமில்லை.

1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து, கண்ணின் விழிவெண்படலத்தை இவ்வாறு செதுக்கலாம் எனச் சீனிவாசன் காட்டினார். கண்ணாடி அணியாது பார்க்க உதவும் லேசர்க் கண் சிகிச்சைக்கு வித்து அதுவே. 1995இல் அமெரிக்க அரசு அச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. இன்று நம் மாநிலத்துக் கண் மருத்துவமனைகளிலும் அது நாள்தோறும் நடைபெறுகிறது. 2011ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அம்மூவர்க்கும் உரியதாயிற்று. நோபல் பெற்ற தமிழர் பெயர்களை ஒப்பிக்கும் நம் மாணாக்கர், இவர் பெயரைக் கேட்டால் விழிப்பதைக் காண்கிறோம். பாடநூல் எழுதுவோர் இக்குறையை நீக்குதல் நன்று.

ஃபெம்டோ நொடித் துடிப்பு வலிமை பெற்ற வரலாறும் ஒரு பத்தியளவு சொல்லத்தக்கது. குறுந்துடிப்பை அப்படியே பெருக்க முயன்றால், பெருக்கும் படிகத்தையே அது உடைத்துவிடும். 1985இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு மூரூவும் அவர்தம் மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும் வழி கண்டனர். குறுகிய வாயிலில் பெருங்கூட்டத்தை ஒருசேர விட்டால் வாயில் முறியும். வரிசையாக நீட்டி உள்ளே விட்டு, அப்பால் முற்றத்தில் மீண்டும் ஒன்றுசேர்த்தால் வாயிலும் பிழைக்கும், கூட்டமும் சேரும். அவ்வாறே துடிப்பைக் காலத்தில் நீட்டி, பெருக்கி, பின் ஒடுக்கினர். 2018இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மாணவியாயிருந்து எழுதிய முதல் ஆய்வுரைக்கே உலகப் பரிசு கிடைத்தது நம் கல்லூரி மாணவியர் கருதிப் பார்க்கத்தக்கது.

குருதிக்குழாயில் ஒரு வலை

இத்தனை நுணுக்கமும் எளியவர்க்கு எவ்வாறு உதவும் எனக் கேட்பார்க்கு ஸ்டென்ட் விடையாகும். இதயத்துக்குக் குருதி செலுத்தும் குழாய் அடைபட்டால், அதனை விரித்துத் தாங்க வைக்கப்படும் சிறு உலோக வலைக்குழலே ஸ்டென்ட். அதனைக் கம்பி முடைந்து செய்வதாகப் பலர் எண்ணுவர். இன்றைய ஸ்டென்ட் பெரும்பாலும் முடையப்படுவதன்று, வெட்டப்படுவது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள கோபால்ட்-குரோமியக் குழலைச் சுழற்றியும் நகர்த்தியும், அதன்மேல் லேசர்ப் புள்ளியை வீழ்த்தி, வேண்டாத இடங்களை அறுத்தெடுப்பர். எஞ்சி நிற்கும் வலைக்கம்பியின் தடிமன் அறுபது முதல் நூறு மைக்ரான். பிசிறு ஒன்று நின்றாலும் அதில் குருதி உறையக்கூடும் என்பதால், வெட்டியபின் அமிலத்தில் தோய்த்து மின்சாரத்தால் மெருகிடுவர். உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் பிளாஸ்டிக் வகை ஸ்டென்ட் சிறுவெப்பமும் தாங்காது. அதற்கு ஃபெம்டோ நொடி லேசரே தக்கது.

நம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள் மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை 1990களில் உருவாக்கியது பலரும் அறிந்ததே. ஏவுகணை அறிவியலார்க்கு இதில் அக்கறை ஏன் என்றால், அந்நாளில் ஸ்டென்ட் இறக்குமதிச் சரக்கு. அதன் விலையோ நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பைத் துடைப்பது. பின்னாளில் இந்திய நிறுவனங்கள் பல அதனைச் செய்யத் தொடங்கின. 2017 பிப்ரவரியில் நடுவண் அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வகுத்தது: வெறும் உலோக ஸ்டென்டுக்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600. அதற்குமுன் லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றவையும் உண்டு. பின்னர் அவ்வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டுள்ளது. உள்நாட்டிலேயே வெட்டத் தெரிந்த நிறுவனங்கள் இருந்ததும் அவ்வரம்புக்கு ஒரு வலுவாயிற்று என்பது நம் கருத்து.

அந்நிறுவனங்களுள் ஒன்றின் வரலாறு நம்மைக் கல்லுக்கே திருப்பிக் கொண்டு வருகிறது. குசராத் மாநிலத்துச் சூரத் நகரில் வைரம் அறுக்கும் லேசர் எந்திரங்களைச் செய்து பெயர்பெற்ற சகஜானந்த் குழுமமே, பின்னர் அந்நகரிலேயே ஸ்டென்ட் செய்யும் தொழிலிலும் இறங்கியது. வைரத்தை அறுத்த கை குருதிக்குழாய் வலையை வெட்டியது. வெளிப்பார்வைக்கு இரு தொழில்கள். உள்ளே ஒரே கலை.

சூரத்தும் நம் வட்டாரமும்

சூரத்தில் முன்னாளில் வைரக்கல்லை அறுக்க, காகிதம்போல் மெல்லிய வெண்கலத் தகட்டுச் சக்கரத்தில் எண்ணெயும் வைரப்பொடியும் பூசிச் சுழற்றுவர். ஒரு கல் அறுபடப் பல மணி நேரம் ஆகும். சிலவற்றுக்கு நாள்களும் ஆகும். கல்லின் உள்ளமைப்பு இடங்கொடுக்கும் திசையில் மட்டுமே சக்கரம் அறுக்கும். முடிச்சு விழுந்த கல்லில் அது நின்றுவிடும். 1990களிலிருந்து அங்கு லேசர் பரவியது. லேசருக்குத் திசைக் கட்டுப்பாடு இல்லை, முடிச்சும் தடையில்லை. இதில் ஒரு நுட்பம் சுவையானது. வைரம் தெளிந்த பொருள். லேசர் ஒளி அதனூடே புகுந்து சென்றுவிடும். எனவே தொடங்கும் இடத்தில் கருமை தீட்டுவர். கருமை ஒளியை வாங்கிச் சூடேற, அடியிலுள்ள வைரம் கரியின் மற்றொரு வடிவமாகிய கிராஃபைட்டாக மாறும். கிராஃபைட்டும் கருமையாதலால் அடுத்த துடிப்பை அதுவே வாங்கிக்கொள்ளும். இவ்வாறு வைரம் தன் கருமையாலேயே தன்னை அறுத்துக்கொள்கிறது.

திருச்சி புதுக்கோட்டை வட்டாரக் கதை வேறு. நம் பட்டறைகளில் கல்லைக் குச்சி நுனியில் அரக்கால் ஒட்டி, சுழலும் சாணையில் கையால் அழுத்தி, கோணத்தைக் கண்ணாலும் கையுணர்வாலும் அறிந்து பட்டை தீட்டுவர். வட்ட வடிவக் கல்லுக்குரிய வழக்கமான பட்டைகள் ஐம்பத்தெட்டு. கெம்பும் நீலமும் போக, பிற்காலத்தில் அமெரிக்க வைரம் என்று வழங்கிய சிர்கோனியக் கல்லே பெருவேலையாயிற்று. பெயர்தான் அமெரிக்கா, அக்கல்லை வணிக அளவில் வளர்க்கும் முறை 1970களில் மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் கழகத்தில் உருப்பெற்றது. பின்னர்ச் சீனத்தின் வூச்சோ நகரிலிருந்து எந்திரத்தால் பட்டை தீட்டிய கற்கள் மலிந்து வந்தன. ஒரே அளவு, ஒரே கோணம், ஆயிரக்கணக்கில். கையால் தீட்டிய கல் விலையில் அதனோடு போட்டியிட இயலவில்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. இளைஞர் வேறு வேலை தேடிப் போயினர்.

இதனைக் கண்டு, எந்திரம் கைவினையைக் கொன்றது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். நாம் அவ்வாறு எழுதத் துணியோம். சூரத்திலும் எந்திரம் வந்தது; ஆயின் அங்கு எந்திரத்தைச் செய்வோரும் அந்நகரிலேயே தோன்றினர். அறுக்கும் சக்கரத்தின்முன் அமர்ந்திருந்தவர் சிலர் லேசரின்முன் அமரக் கற்றனர். நம் வட்டாரத்திலோ கருவியும் வரவில்லை, கற்பிப்பாரும் வரவில்லை. சரக்கு மட்டும் வந்தது. வேறுபாடு அங்கேதான்.

இன்று மற்றொரு வாயில் திறந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரம் உலகச் சந்தையில் இடம்பெற்றுள்ளது. இது போலிக்கல் அன்று. சுரங்க வைரத்தின் அதே கரிமம், அதே கட்டமைப்பு. 2023ஆம் ஆண்டு நடுவண் அரசு இவ்வகை வைரம் குறித்த ஐந்தாண்டு ஆராய்ச்சிக்கென ஏறத்தாழ ரூ.242 கோடியைச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒதுக்கி, அங்கு ஒரு மையம் அமையச் செய்தது. இவ்வைரம் வளர, வித்தாக மெல்லிய வைரத் தகடு ஒன்று வேண்டும். அத்தகட்டை லேசரே அறுத்துத் தருகிறது. வளர்ந்த கட்டியின் ஓரங்களில் கருத்த புறணி படியும். அதனை அரிந்து நீக்குவதும் லேசரே. அறுப்பும் அரிவும் இன்றிச் செயற்கை வைரம் இல்லை.

செயற்கைக் கல்லோடு மூன்று தலைமுறை பழகிய வட்டாரம் நம்முடையது. பட்டையின் கோணம் அறிந்த மூத்தோர் கீரனூர், இலுப்பூர்ப் பக்கங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்தம் பேரன்மார் நம் கல்லூரிகளில் இயற்பியலும் கணிப்பொறியியலும் பயில்கின்றனர். மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஒரு லேசர் எந்திரமும், அதனை இயக்கக் கற்பிக்கும் ஓராண்டுப் படிப்பும், ஆடிக்கவசம் முதலிய கண் பாதுகாப்புப் பயிற்சியும் அமையுமாயின், சென்னை மையத்தின் ஆய்வு ஆய்வேட்டோடு நில்லாது ஊருக்கும் வரும். கல்வி நிறுவனங்களும் தொழில் துறையினரும் இதனை அரசிடம் கேட்டுப் பெறவேண்டும் என்பது நம் விழைவு. ஒற்றைப் பட்டறையால் வாங்க இயலாத கருவியைப் பத்துப் பட்டறைகள் கூட்டுறவு முறையில் வாங்குவதும் ஆகாத செயலன்று.

பட்டறைக்காரர் அஞ்சவேண்டாத செய்தி ஒன்றும் உண்டு. லேசர் அறுத்த வைரத்தின் முகம் பளபளப்பதில்லை; கிராஃபைட் படிந்து கரிப்பலகைபோல் மங்கிக் கிடக்கும். அந்தக் கருமையைப் போக்கி, பட்டை வைத்து, ஒளி உள்ளே புகுந்து மீண்டும் மேலெழும்படி செய்வதற்கு இன்றும் வைரப்பொடி பூசிய சுழல்தட்டே வேண்டும். கோணம் சற்றுப் பிசகினும் ஒளி கீழ்வழியே ஒழுகிப்போகும். எந்தப் பட்டையை முதலில் வைப்பது, எங்கே அழுத்தத்தைக் குறைப்பது என்பவற்றைச் சூரத்திலும் தட்டின்முன் அமர்ந்திருப்பவர் கைதான் முடிவு செய்கிறது.